தனித் தட்டு

"வாரத்துக்கு எத்தனை டின் எண்ணெய் ஆகும் மாஸ்டர்?" என்று அந்தப் பெண் கேட்டபோது அச்சகக் கேண்டீனின் சமையல்காரர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். 'ஒல்லி' என்று எல்லோரும் கூப்பிடும் அச்சுத் தொழிலாளி, இயந்திரத்தின் மேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. அதன் பிறகுதான் நிர்வாகத்துக்கு இப்படி ஓர் உணவு ஆலோசகரைக் கூப்பிடத் தோன்றியது. "நாலு. சில வாரம் அஞ்சு" என்றார் மாஸ்டர். பொரித்த எண்ணெயை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். வடிகட்டி மறுநாளும் ஊற்றுவதாகச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"உங்களைக் குத்தம் சொல்ல வரல. சிகரெட் இருக்கு, பரம்பரை இருக்கு, எத்தனையோ இருக்கு. ஆனா சாப்பாடு நம்ம கையில இருக்கில்ல?"

மாஸ்டர் தன் கைகளைப் பார்த்தார். பதினான்கு வருடமாக அந்தக் கைகள் ஒல்லிக்கென்று தனிக் கவனம் எடுத்துக்கொண்டவை. சட்டியின் அடியில் கரகரவென்று தங்கும் உருளைக்கிழங்கைச் சுரண்டி, மற்றவர்கள் பார்க்காமல் அவன் சோற்றின் மேல் வைப்பார். உடம்பில் சதையே பிடிக்காதவன். "இவனுக்குப் போடுறதெல்லாம் எங்கதான் போகுதோ" என்பது கேண்டீனில் பழைய வேடிக்கை. எங்கே போனது என்று இப்போது தெரிந்துவிட்டது.

வீட்டிலும் அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துணி பிழிந்துகொண்டிருந்த மனைவி, "சோறுதானே போட்டீங்க, விஷமா வச்சீங்க?" என்றாள். அவர் வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தார். ஆசையாகப் போட்டோமே, அதுதான் அவரை அரித்தது. வேண்டாவெறுப்பாகப் போட்டிருந்தால் அவன் இவ்வளவு தின்றிருக்க மாட்டான்.

ஆலோசகர் சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்தார். எண்ணெயில் பொரிப்பதை வாரத்தில் ஒரு நாளாக்கினார். பொரித்த எண்ணெயை மறுபடி அடுப்பில் ஏற்றவில்லை. கொழுப்புக் கறிக்குப் பதில் மீனை அவித்தார், பயறும் கீரையும் கூட்டினார். உப்பை மட்டும் திருட்டுத்தனமாகக் குறைத்தார். ஒரேயடியாகக் குறைத்தால் சண்டைக்கு வருவார்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும் என்று அவள் சொல்லியிருந்தாள். எலுமிச்சையும் பூண்டும் மிளகும் அந்தக் குறையை மறைத்தன. உப்பை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பொரித்தது குறைந்ததற்குத்தான் ரகளை. "மாஸ்டர், நாங்க என்ன நோயாளியா?" என்று பைண்டிங் மேஸ்திரி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அன்றிலிருந்து அவர் பின்னால் ஏழெட்டுப் பேர் கேட்டுக்கு வெளியே இருந்த கடைக்குப் போனார்கள். மிஞ்சிய பயறைக் கொட்டும்போதெல்லாம் மாஸ்டருக்குக் கை கூசியது. பழையபடி சமைத்துவிட்டால் என்ன என்று தினமும் ஒரு தடவையாவது நினைத்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒல்லி வந்தான். சட்டை தோளில் தொங்கியது. மாஸ்டர் விடிந்ததிலிருந்தே அவனுக்கென்று ஒரு சின்னப் பாத்திரத்தில் உப்பில்லாமல் சமைத்து மூடி வைத்திருந்தார். வரிசையில் அவன் முறை வந்ததும் அந்தத் தட்டை நீட்டினார். ஒல்லி வாங்கவில்லை.

"தனித் தட்டு வேணாண்ணே. ஆஸ்பத்திரில இருந்து இப்பதான் வெளிய வந்திருக்கேன், இங்கயும் என்னை நோயாளி ஆக்காதீங்க."

"பொதுச் சாப்பாட்டுல உப்பு இருக்குடா."

"எவ்வளவு?"

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "முன்ன போட்டதுல பாதி. யாருக்கும் தெரியாது."

"டாக்டரும் பாதியாக் குறைக்கத்தான் சொல்லியிருக்கார். அதையே போடுங்க."

கரண்டியை எடுத்தவர் அப்படியே நின்றார். பின்னால் வரிசை நெளிந்தது. "நான்தான்டா உனக்கு அள்ளி அள்ளி…" என்றார்.

"அப்பல்லாம் தட்டை நீட்டினது யாரு, நான்தானே?" என்றான் ஒல்லி. "போடுங்கண்ணே, பசிக்குது."

போட்டார். ஒல்லி ஜன்னலோர மேசைக்குப் போய், வாய்க்கு வாய் நிறுத்தி, மெல்ல மென்றான். மாஸ்டர் அடுத்தவருக்குப் பரிமாறினாலும் கண் அங்கேயே இருந்தது. பிடித்துச் சாப்பிடுகிறானா, தன் மனது நோகக் கூடாதென்று சாப்பிடுகிறானா என்று புரியவில்லை. ஒரு தட்டில் இரண்டு முறை பயறு ஊற்றிவிட்டார்.

அப்போது மேஸ்திரி கடையிலிருந்து பொட்டலத்தோடு உள்ளே வந்தார். ஒல்லியைக் கண்டதும் தயங்கி, பிறகு எதிரே உட்கார்ந்தார்.

"எப்படியிருக்கே?"

"இருக்கேன். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. உங்களுக்கு?"

மேஸ்திரி சிரிக்கப் பார்த்தார். அவருக்கு ஐம்பத்தொன்று; ஒல்லிக்கு நாற்பத்து மூன்று. பொட்டலத்தின் மேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை, நூலைப் பிரிக்கவும் இல்லை. அவருடைய விரல்களுக்கு அடியில், தாளில் எண்ணெய் மெல்ல ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.