மூன்று இலக்க மழை

லக்கல மலையிலிருக்கும் மழைமானிக்காரரின் போனுக்காக நிரோஜா காத்திருந்தாள். மற்ற ஐந்து இடங்களின் மழையையும் கணினியில் அடித்து முடித்தாயிற்று. அணை அலுவலகத்தின் தகரக் கூரையில் மழை போட்ட போட்டில் பக்கத்து மேசைப் பேச்சுகூடக் கேட்கவில்லை. போன் வந்தது. நூற்று எண்பத்தேழு புள்ளி நான்கு மில்லிமீட்டர் என்றார். அவள் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டாள்.

மழையைப் போட்டால் அணைக்கு வரப்போகும் தண்ணீரைச் சொல்லும் அந்தப் புரோகிராம், அவள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் எழுதப்பட்டது. அட்டையில் ஓட்டை போட்டுக் கணக்குக் கொடுத்த காலம் அது. ஒவ்வோர் ஊர் மழைக்கும் மூன்று இலக்கம்தான் இடம். புள்ளி வைக்கத் தேவையில்லை. கடைசி இலக்கத்துக்கு முன்னால் புள்ளி இருப்பதாக அதுவே எடுத்துக்கொள்ளும். 999 என்று அடித்தால் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது. ஒரு நாளில் அதற்கு மேலும் மழை பெய்யும் என்று எழுதிய மகராசனுக்குத் தோன்றவில்லை போலும். நான்கு இலக்கம் அடித்தால் மிச்சம் அடுத்த ஊரின் இடத்தில் போய் விழும். கணக்குக் குழம்பி, விடை வரவேண்டிய இடத்தில் வெறும் நட்சத்திரக் குறிகள் வந்து நிற்கும். திருத்தத் தெரிந்தவர் யாரும் இப்போது இல்லை. அதனால் வானம் எவ்வளவு கொட்டினாலும் 999 போடுவதே அந்த அலுவலகத்தின் வழக்கம்.

நிரோஜா 1874 என்று அடித்தாள். நட்சத்திரங்கள் வந்தன. பொறுப்பதிகாரி துஷாந்த் எழுந்து வந்து பார்த்தார்.

"999 போடுங்க நிரோஜா. ஒங்களுக்கு முந்தி இருந்தவங்களும் அதத்தான் போட்டாங்க."

"அது பாதி மழ சேர்."

"எனக்குத் தெரியாதா? ஸ்டார் விழுந்தத அனுப்புனா மேல எடுக்க மாட்டாங்க. நம்பர் கேப்பாங்க."

அவர் கெட்டவரில்லை. முன்பொரு தடவை தன்னிஷ்டத்துக்குச் சைரனை ஊதிவிட்டு, நம்பர் எங்கே என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே நொந்துபோனவர். நிரோஜாவின் வேலையோ மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கிற தற்காலிக வேலை. அவள் 999 போட்டாள். எச்சரிக்கை தேவையில்லை என்று வந்தது.

அணைக்குக் கீழே ஆற்றோரத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில்தான் அவள் அப்பா நடராஜா இருந்தார். வெளியே போய் அவருக்குப் போன் எடுத்தாள்.

"அப்பா, கோயில் மேட்டுக்குப் போயிருங்க. எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க."

நடராஜாவுக்கு ஒளிக்கத் தெரியாது. புள்ள ஆபீசிலிருந்து சொல்கிறது என்று லயம் முழுக்கச் சொன்னார். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களும் கூடையோடு மேட்டில் ஏறினார்கள். பொழுது சாயும்வரை நனைந்தபடி நின்றார்கள். தண்ணீர் கடைசி லயத்தின் பின்புறச் சாக்கடைக் கான்வரை ஏறியது. அதற்குள் மேலே மழை விட்டுவிட்டது, ஆறும் இறங்கியது.

பிழைத்தோம் என்று யாரும் சொல்லவில்லை. நிறுவைக்குக் கொழுந்து வராததால் அன்றைக்கு எல்லோருக்கும் அரைப் பேர்தான் விழுந்தது, பாதிச் சம்பளம். அணை ஆபீஸ் பெண் பீதியைக் கிளப்புகிறாள் என்று தோட்ட நிர்வாகத்திலிருந்து முறைப்பாடு போனது. அடுத்த மாதம் வேலை இல்லை என்று சொன்ன துஷாந்த் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தான் பேசிப் பார்த்ததாக மட்டும் சொன்னார். நிரோஜா அப்பாவோடு தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் பேர் பதிந்தாள்.

மறுபடி மழை தொடங்கியபோது அவளும் தலையில் படங்குத் துணியைப் போர்த்திக்கொண்டு மலையில் நின்றாள். இது முந்தியதைவிடப் பெரிய மழை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. மேலே அந்த மேசையில் இப்போது வேறு யாரோ 999 அடித்துக்கொண்டிருப்பார்கள். பகல் திரும்பியதும் எல்லோருடைய போனுக்கும் செய்தி வந்தது: எச்சரிக்கை எதுவும் இல்லை.

பக்கத்து நிரையில் நின்ற வேலம்மாவிடம் நிரோஜா மெல்லச் சொன்னாள்.

"அக்கா, நிறுவைக்கு ஆத்தங்கர ஸ்டோரடிக்கு எறங்க வேணாம். மேட்டுக்குப் போயிருவோம்."

வேலம்மா கோபப்படவில்லை. கொழுந்தை அமுக்கிக்கொண்டே பேசினாள்.

"போன தடவ ஒம்பேச்சக் கேட்டு அரப் பேரு போச்சு. இப்ப ஆபீஸ்லயே ஒன்னுமில்லேங்கிறாங்க. நீயே சொல்லு, எத நம்புறது?"

நிரோஜா கீழ் நிரையில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். பேசாமல் இரு, ஆட்கள் ஏசுவார்கள் என்று அவர் கையால் காட்டினார்.

பின்னேர நிறுவைக்குக் கொம்பு ஊதினார்கள். பெண்கள் கூடைகளைச் சரிசெய்துகொண்டு ஆற்றங்கரைக் கொழுந்து ஸ்டோருக்கு இறங்கினார்கள். முழுப் பேர் வேண்டுமானால் தராசுக்கு முன்னால் ஆள் நிற்க வேண்டும். நடராஜா முன்பே போய் வரிசையில் நின்றுவிட்டார். ஆறு செம்மண்ணாக ஓடியது. அதனடியில் பாறைகள் உருளும் சத்தம் மலைக்கே கேட்டது. கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தியாகத் தண்ணீரோரத்துத் தராசுக்கு நகர்ந்தார்கள்.