தாடைக்குழி

தாடை எரிந்தது. காதுக்குக் கீழே ஆரம்பித்துத் தொண்டை வரைக்கும் மிளகாயை அரைத்துப் பூசின மாதிரி. குனிந்தால் காலர் உரசி எரிந்தது, நிமிர்ந்தால் வியர்வை இறங்கி எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் காலை பத்து மணிக்கு சேஃப்டி மேடத்துக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

மேடம் முகமூடியை மாட்டி, பட்டையை இறுக்கி, தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூடாரத்தைக் கவிழ்த்தார். கூடாரத்தில் ஒரு ஓட்டை. அது வழியாகக் கசப்பு மருந்தைப் புகை மாதிரி அடிப்பார். முகமூடி மூஞ்சியோடு ஒட்டியிருந்தால் ஒன்றும் தெரியாது. நூலளவு இடைவெளி இருந்தாலும் நாக்கு காட்டிக் கொடுத்துவிடும். கசந்தால் கையைத் தூக்க வேண்டும். தலையைத் திருப்பு, மேலே பார், கீழே பார், சத்தமாகப் பேசு, அவ்வளவுதான் பரீட்சை.

நான் கீழே பார்த்தேன். தொண்டை வரை கசந்தது. இருமின இருமலில் கையைத் தூக்கவே தேவையில்லாமல் போனது.

மேடம் டார்ச் அடித்து, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது போல என் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேத்து சவரம் பண்ணீங்களா, மண்வெட்டியால செதுக்குனீங்களா?"

"அஞ்சு பிளேடு மேடம். புதுசு."

"அந்த அஞ்சும் இந்தக் குழியை விட்டுட்டுப் போயிருக்கு. உள்ள முடி அப்படியே நிக்குது, அது வழியாத்தான் காத்து நுழையுது. சுத்தி தோலைக் காணோம்."

தாடைக்குக் கீழே இடது பக்கம் எனக்கு ஒரு குழி உண்டு. பதினாறு வயதில் லாரியில் கல் ஏற்றும்போது சங்கிலி அறுந்து அடித்த இடம். அதற்குள் முடி சுழன்று சுழன்று முளைக்கும்.

"ரெண்டு மணிக்கு வாங்க, இன்னொரு தடவை பார்ப்போம். அப்பவும் கசந்துச்சுன்னா இன்னிக்கு டாங்கியில இறங்க முடியாது," என்றார்.

எண்ணெய் டாங்கியின் அடியில் தேங்கும் சேற்றை வழிப்பது எங்கள் வேலை. ஜோடி வேலை. ஒருவன் இறங்கி, சுரண்டியால் சேற்றை வழித்து வாளியில் போடுவான். இன்னொருவன் மேலே வாய்த்துளையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஒரு இறக்கம் இருபது நிமிடம். ஒரு நாளைக்கு நாலு இறக்கம், ஆளுக்கு இரண்டு. இத்தனை வருஷம் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கினோம். இந்த மாதம்தான் முகமூடி, பரீட்சை எல்லாம்.

என் ஜோடி மச்சான். என் பெண்டாட்டியின் அண்ணன். நாலு மாதம் முன்னால் ஏணியில் சறுக்கி வலது முட்டியைக் கெடுத்துக்கொண்டவர். இரண்டு இறக்கத்துக்கே அந்த முட்டி தேங்காய் மாதிரி வீங்கும். மற்ற ஜோடிகள் வேறு டாங்கிகளில். நான் தேறாவிட்டால் நாலு இறக்கமும் அவர் தலையில்தான்.

வெளியே வருவதற்குள் வீட்டிலிருந்து போன்.

"என்னங்க, பாஸா?"

"ரெண்டு மணிக்குத் திரும்ப வரச் சொல்லியிருக்காங்க."

"ஐயோ. அண்ணன் முட்டிக்கு நேத்துதான் கட்டுப் போட்டு விட்டேன். அவரை நாலு தடவை இறக்கிடாதீங்க."

"எல்லாம் நீ வாங்கின ரேசர் பண்ற வேலை."

"ரேசர் என்ன பண்ணும்? பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்ச்சீங்களே, கதவுக்கு வெளிய நின்ன எனக்குக் கேட்டுச்சு!"

போனை வைத்தேன். அந்த ரேசர் பையில்தான் இருந்தது. இரும்புக் கைப்பிடி, நல்ல கனம், பளபளவென்று கண்ணாடி மாதிரி. தலையில் ஐந்து பிளேடு, அதற்கு மேல் வழவழப்புக்கு ஒரு பச்சைப் பட்டை. நேற்று இரவு மூன்று தடவை ஓட்டினேன், மூன்றாவது தடவை கீழிருந்து மேலே. தடவிப் பார்த்தபோது கன்னம் குழந்தைக் கன்னம் மாதிரிதான் இருந்தது. காலையில் எழுந்தால் தொண்டை முழுக்கக் கொப்புளம்.

பிளேடு மழுங்கிவிட்டது என்று நினைத்து, கம்பெனி கேட்டுக்கு வெளியே இருந்த கடைக்கு ஓடினேன். கடைக்காரருக்கு நெஞ்சு வரை தாடி.

"புது பிளேடு தலை ஒண்ணு குடுங்க."

"எந்தக் கைப்பிடிக்கு?"

காட்டினேன். மூன்று பிளேடு தலை ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தார். ஏறவில்லை. இன்னொன்று ஏறியது, ஆனால் கிழவர் பல் மாதிரி ஆடியது.

"இதுக்கு அந்தக் கம்பெனி தலை மட்டும்தான் ஏறும். ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு மாதிரி வாய் வச்சிருக்கான். கைப்பிடியை சல்லிசா குடுத்துட்டு, தலையில புடுங்கிடுவான்."

"எதுங்க நல்லா வழிக்கும்?"

"தாடிக்காரன்கிட்ட வந்து கேக்குறீங்களே!" என்று சிரித்தார். "ஆனா ஒண்ணு சொல்றேன். உங்களை மாதிரி சுருட்டை முடிக்காரங்க எல்லாரும் கடைசியில இந்த ரெண்டு பிளேடுக்குத்தான் திரும்பி வர்றாங்க. பழைய மஞ்சள் கைப்பிடிக்கு ஏறும்."

மஞ்சள் கைப்பிடி யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு பிளேடு தலையில் ஒரு அட்டை வாங்கிக்கொண்டு ஓடினேன்.

உடை மாற்றும் அறையில் மச்சான் பெஞ்சில் காலை நீட்டி, முட்டிக்கட்டை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டே முக்கால்.

"என்ன மாப்ள, மூஞ்சி பொரிச்ச மாதிரி இருக்கு?"

"உங்க மஞ்சள் ரேசரைக் குடுங்க மச்சான்."

எடுத்துக் கொடுத்தார். கைப்பிடி முழுக்க சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றியிருந்தது. எங்கள் சுரண்டிக் கம்புக்குச் சுற்றுவோமே, அதே சுற்று.

"இதுக்கு எதுக்கு டியூபு?"

"என் விரல் மரத்துப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. உனக்கும்தான், நீ ஒத்துக்க மாட்ட. மெலிசான பிடியைப் பிடிச்சா, பிடிச்சிருக்கோமான்னே தெரியாது. தெரியலன்னா இறுக்குவோம். இறுக்குனா அழுத்துவோம். பருமனா இருந்தா விரல் தானா தளரும்."

"என்னோடது இரும்பு மச்சான். கனமானது."

"கனம் நல்லதுதான், அது எடைக்கே அது இறங்கும். நீ விட்டாத்தானே? தோளைக் குடுத்து அழுத்துற. டாங்கி சேறா அது? உன் மூஞ்சிடா!"

உண்மைதான். இருபது வருஷமாகக் கையில் எது கிடைத்தாலும் தோளைச் சாய்த்து அழுத்தித்தான் பழக்கம். இந்தக் கைக்கு வேறு எதுவும் தெரியாது.

டீக்கெட்டிலிலிருந்து வெந்நீர் பிடித்து, துண்டை நனைத்து, மூஞ்சியில் போட்டு உட்காரச் சொன்னார். ஐந்து நிமிடம் உட்கார முடியாமல் இரண்டு தடவை எழுந்தேன். இரண்டு தடவையும் தோளைப் பிடித்து அமுக்கினார். மஞ்சள் கைப்பிடியில் புதுத் தலையை மாட்டி, சோப்பு நுரை பூசினேன். முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று விரலால் தடவி அந்தப் போக்கிலேயே இழுத்தேன். அழுத்தவில்லை. இரண்டு பிளேடுக்கு நடுவில் அடைத்த முடி குழாயைத் திறந்ததும் ஓடிப் போனது. ஐந்து பிளேடில் ஊசி வைத்துக் குத்தினாலும் வராது.

"குழியை விட்டுடாத. தோலைக் காது பக்கம் இழு. குழி எலும்பு மேல ஏறிடும். அப்புறம் வழி."

இழுத்தேன். குழி தட்டையானது. அகலமான ஐந்து பிளேடு தலை நுழையாத இடத்தில் இது சின்னதாக நுழைந்து வழித்துக்கொண்டு வந்தது. குளிர்ந்த தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். எரியவில்லை. என் வயதுக்கு அப்படி ஒரு சவரம் நான் பண்ணிக்கொண்டதில்லை.

"போதும். இனி தொடாத," என்று மஞ்சள் ரேசரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "அப்புறம் இன்னொண்ணு. கசந்தா கையைத் தூக்கு. எனக்காக மறைக்காத. நீ உள்ள மயங்கி விழுந்தா உன்னைத் தூக்கிட்டு ஏணி ஏற இந்த முட்டி ஆகாது."

டாங்கிக்குள் காற்றைத் தள்ளும் விசிறி ஓடுகிறதா என்று பார்க்க நொண்டிக்கொண்டு போனார்.

மணி ஒன்றரை. உட்கார்ந்தேன், எழுந்தேன், கண்ணாடியைப் பார்த்தேன். தடவினேன். வழவழப்புதான். ஆனால் கீழிருந்து மேலே தடவினால் குழிக்கு ஓரத்தில் சொரசொரவென்று என்னமோ இருந்தது. இருக்கிறதா, இல்லை மரத்த விரலின் கற்பனையா? இன்னும் ஒரு தடவை தடவினேன். இருந்தது. நாலு இறக்கம், அந்த முட்டி, வீட்டில் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அவள். ஒரு முடி போதுமே காற்று நுழைய.

கை தானாகப் பைக்குள் போனது. ஐந்து பிளேடு. நுரைகூடப் போடவில்லை. கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. தோள் சாய்ந்துவிட்டது. நேற்றைய கொப்புளம் நாலைந்தின் தலையைச் சீவிக்கொண்டு வந்தது. சொரசொரவென்று இருந்தது முடியே இல்லை, கொப்புளம்தான் என்று ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

துண்டை வைத்து அமுக்கினேன். பேப்பரைக் கிழித்து ஒட்டினேன். இரண்டு மணிக்கு ரத்தம் நின்றிருந்தது, ஆனால் குழியைச் சுற்றி வீங்கி நீர் கசிந்துகொண்டிருந்தது. பேப்பரை எடுத்துவிட்டு, தலையைச் சாய்த்தபடியே உள்ளே போனேன்.

கூடாரம் கவிழ்ந்தது. மூச்சை இழுத்தேன், ஒன்றுமில்லை. இடப்பக்கம், வலப்பக்கம், ஒன்றுமில்லை. மேலே பார்த்தேன், ஒன்றுமில்லை. காலையில் இங்கேயே இருமினவன் நான்தானா என்று இருந்தது.

"கீழ பாருங்க."

பார்த்தேன். முகமூடி விளிம்பு அந்த ஈரத்தில் ஒரு நூல் வழுக்கியது. நாக்கு நுனியில் லேசாக, மிக லேசாக, கசப்பு. காலையில் மாதிரி இல்லை. எச்சிலை விழுங்கினால் போய்விடும். மேடம் பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கம் மங்கலாகத் தெரிந்தார். அவருக்குத் தெரிய வழியே இல்லை. என் நாக்குக்கு மட்டும்தான் தெரியும்.

விழுங்கினேன். போகவில்லை.

கையைத் தூக்கினேன்.

மேடம் டார்ச் அடித்துப் பார்த்தார். "முடி ஒண்ணுகூட இல்ல. ரொம்ப சுத்தமா எடுத்திருக்கீங்க. அதோட விட்டிருக்கலாம்ல?" என்றார். "தோல் ஆறட்டும். இன்னிக்கும் இன்னும் மூணு நாளும் இறங்காதீங்க, அப்புறம் வாங்க."

வெளியே மச்சான் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். என் மூஞ்சியைப் பார்த்தார், அப்புறம் குழியைப் பார்த்தார்.

"தொட்டியா?"

"தொட்டேன்."

"உன்னை என்ன பண்றது மாப்ள," என்று கயிற்றை என் கையில் திணித்தார். "பிடி. இதையாவது இறுக்கிப் பிடி."

முதல் இரண்டு இறக்கம் அவருடையது. இரண்டாவது முடிந்து வந்தவர் பேன்ட்டுக்கு மேலேயே முட்டியை அமுக்கிக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது இறக்கத்துக்கு நல்ல காலை முதலில் வைத்து, கெட்ட காலை அதன் பக்கத்தில் இழுத்து, ஒவ்வொரு படியாக இறங்கினார். நான்காவது முடிந்து மேலே வர ஏணியில் மூன்று இடத்தில் நின்றார். நான் வாய்த்துளையில் குப்புறப் படுத்து அவர் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தேன். முகமூடியைக் கழற்றினபோது அவர் தாடை சுத்தமாக இருந்தது, ஒரு கொப்புளம் இல்லை.

"உங்க தங்கச்சிகிட்ட நான் என்ன சொல்றது மச்சான்?"

"மூணுதான் இறங்கினேன்னு சொல்லு."

நான் அப்படிச் சொல்லவில்லை. நாலு என்றே சொன்னேன். இன்றைக்கு மச்சானுக்கு நான் இரண்டு இறக்கம் பாக்கி. தோல் ஆறுவதற்குள் அது எட்டு ஆகிவிடும்.