கல்பனாவின் இடது இறக்கை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வாயிலிருந்து வந்த ஒரு ‘ம்’தான் இந்தக் கதைக்குக் காரணம். யாரிடம் சொன்னேன், எதற்குச் சொன்னேன் என்பதெல்லாம் மூன்றாம் பகுதியில் வருகிறது. இப்போதே சொல்லலாம். சொன்னால் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள். அதுவரைக்கும் ஒரு பக்கமாவது நல்லவனாக இருந்து பார்க்கிறேனே, உங்களுக்கு என்ன குறைந்துபோகிறது?

என் பெயர் தணிகாசலம். கும்மிடிப்பூண்டியில் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறேன். பத்திரத்தில் ஒரு சொல்லை அடித்தால், அடித்தது இன்னது, திருத்தியது இன்னது என்று கடைசியில் குறித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் இந்தக் கதையிலும் அடித்ததை அடித்தபடியே விட்டிருக்கிறேன். படிக்கும்போது அங்கங்கே காலில் இடறும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை என் மனைவி கல்பனாவைப் பற்றியது. ஒரு பக்கம் எழுதினால் அவளிடம் காட்ட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

‘மழையில் ஊறிய சிப்காட் சாலையில், கணவனை இழந்த கல்பனா தன்னந்தனியாக—’

படித்துவிட்டு, யார் செத்தது என்று கேட்டாள். இலக்கியப் பத்திரிகைக்கு அனுப்புகிறோம், கொஞ்சம் சோகம் இருந்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்று விளக்கினேன்.

“அதுக்கு நீங்க சாவணுமா?” என்றாள். அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்:

‘துருப்பிடித்த அந்த விமான இறக்கையில்—’

இதைப் படித்தாள். என் பேனாவைப் பிடுங்கி அவளே அடித்தாள். காகிதம் கிழிந்தது. கோபம் ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

மூன்றாம் தொடக்கத்தில் விமானத்தின் மூக்குக்குக் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தேன். மண்வாசனைக்காகத்தான். யார் வைத்தார்கள், எப்போது வைத்தார்கள் என்று கேட்டாள். யாரும் வைக்கவில்லை. அதுவும் போச்சு.

சரி, நேராகவே சொல்கிறேன். கல்பனாவுக்கு நாற்பத்தொரு வயது. இருசக்கர வண்டிகளின் பெட்ரோல் டேங்குக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கொக்கியில் தொங்கியபடி டேங்க் வரும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்த்து, தூசி, வழிசல், நிறமாற்றம் இருந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டு ஒதுக்க வேண்டும். ஒரே சிவப்பில் இரண்டு டேங்க் காட்டினால் எது காலையில் அடித்தது, எது மத்தியானம் அடித்தது என்று சொல்வாள். நான் எத்தனையோ தடவை சோதித்துப் பார்த்துத் தோற்றிருக்கிறேன்.

வேலையில் கறையைத் தேடித் தேடி ஒதுக்குகிறவள், வீட்டில் உட்கார்ந்து கறை வைக்கிறாள். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி விமானம் கட்டுவது அவள் பொழுதுபோக்கு. இதுவரை செய்ததிலேயே பெரியது ஒரு மிக்-21 போர்விமானம். நிஜத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு; நீளம் ஒன்றரை அடிக்கு மேல். வெளிர் சாம்பல் அடித்து முடித்தபோது கடையில் வாங்கியதுபோலப் பளபளவென்று இருந்தது. அதற்கப்புறம் இரண்டு மாதம் உட்கார்ந்து அதைப் பழசாக்கினாள். எண்ணெய் வழிந்த கோடு, புகை படிந்த வால், பூட்ஸ் தேய்த்த இடம். ஒவ்வொரு தேய்ப்புக்கும் முன்னால், “இங்க யாரு கை பட்டுச்சி?” என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். பதில் கிடைக்காவிட்டால் அங்கே தூரிகை படாது.

(இந்தக் கேள்வியைத்தான் இப்போது என் கதையிடமும் கேட்கிறாள். பிழைப்பே பேஜாராகிவிட்டது.)

ஜனவரியில், இப்படி விமானம், கப்பல் மாதிரிகள் கட்டுகிறவர்களின் சங்கம் இங்கே ஒரு கண்காட்சி அறிவித்தது. இரண்டு நாள், பரிசும் உண்டு. கோப்பையைப் பற்றி அவள் பேசவே இல்லை. ஒவ்வொரு மாதிரிக்குப் பக்கத்திலும் செய்தவர் பெயர் எழுதிய அட்டை வைப்பார்களாமே, நிஜமா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள். அவள் பாஸ் செய்து அனுப்பிய லட்சம் டேங்கில் ஒன்றிலாவது அவள் பெயர் உண்டா? அந்த அட்டைதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

3

முதல் நாள் சனிக்கிழமை, அவளுக்குக் காலை ஷிப்ட். ஆகவே விமானத்தைப் பெட்டியில் வைத்து, ஜி.என்.டி. ரோட்டில் இருக்கும் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனது நான். வாசலில் மேஜை போட்டிருந்தவர் பார்த்திபன். சங்கத்தின் செயலாளரும் அவர்தான், நடுவரும் அவர்தான். பெட்டியைத் திறந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

“சார், நீங்க செஞ்சதா?”

இந்த இடத்தை நாலு தடவை எழுதினேன்.

‘இல்லை, என் மனைவி செய்தது என்று பெருமையோடு சொன்னேன்.’

‘நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அட்டையில் என் பெயரை எழுதிவிட்டார்.’

‘மைக் செட் சத்தத்தில் கேள்வி சரியாகக் காதில் விழவில்லை.’

‘ம் என்றேன்.’

(முதல் மூன்றையும் அடித்தது சரி. நாலாவது மெய்.)

அவர் என் பெயரைக் கேட்டு, ‘திரு. தணிகாசலம்’ என்று அட்டையில் அழகாக எழுதி வைத்தார். போனில் நாலு பக்கத்திலிருந்தும் விமானத்தைப் படம் எடுத்துக்கொண்டார். அப்போதாவது திருத்தியிருக்கலாம். செய்யவில்லை. பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை நாலு மணி நேரம் அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் கொடுத்தேன். அடுத்தவர் சொத்துக்கு அடுத்தவர் பெயரை எழுதியே காலம் போனவனுக்கு, நாலு பேர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கியது இனித்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இனித்தது. ஒரு பெரியவர், இறக்கை ஓரத்தில் இருக்கும் பழுப்பு எப்படி வந்தது என்று கேட்டார். “துரு சார், நிஜத்துல இப்படித்தான் துரு ஏறும்” என்றேன். பின்னால் நின்ற பார்த்திபன் தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

நிஜ விமானம் அலுமினியம். அலுமினியம் துருப்பிடிக்காது. அந்தப் பழுப்பு எண்ணெய்க் கறை என்று வீட்டில் நூறு தடவை கேட்டிருக்கிறேன், காதில்தான் வாங்கவில்லை.

4

இரண்டரைக்குக் கம்பெனி யூனிபாரத்தோடேயே கல்பனா வந்தாள். அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தேன்.

அவள் நேராகப் பார்த்திபனிடம் போய், அட்டையில் பெயர் தப்பாக இருக்கிறது என்றாள். நானும் ஓடிப்போய், ஆமாம், செய்தது இவள்தான் என்றேன். கூத்தைக் கேளுங்கள்: நான் பொய் சொன்னபோது நம்பிய மனுஷன், நிஜத்தைச் சொன்னபோது நம்பவில்லை. ‘நல்ல மனசு சார் உங்களுக்கு’ என்று என் தோளைத் தட்டினார். காலையிலிருந்து சார் விளக்கம் சொன்னதை ஊரே கேட்டிருக்கிறது, வேண்டுமானால் திரு-திருமதி தணிகாசலம் என்று மாற்றி எழுதிவிடலாம் என்றார்.

“செஞ்சது ஒரு ஆளுதான் சார்” என்றாள் கல்பனா. “அது நான்.”

அதை எப்படி உறுதிப்படுத்துவது என்று அவர் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நடுவர் கேட்க வேண்டிய கேள்விதான். அவள் விமானத்தின் இடது இறக்கையைத் தொட்டுக் காட்டினாள்.

“இடது ரெக்கைய இப்பவே அழிச்சிட்றேன். நாளைக்கு இங்கயே உக்காந்து, உங்க கண்ணு முன்னாடி திரும்ப அடிக்கிறேன். வலது ரெக்கையோட கலர் சேரலன்னா அவரு பேரே இருந்துட்டுப் போவட்டும்.”

ஸ்பிரிட்டும் பஞ்சும் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டு மாத உழைப்பில் பாதி, பத்து நிமிஷத்தில் பஞ்சில் கறுப்பாக வந்துவிட்டது. உள்ளே இருந்த வெள்ளை பிளாஸ்டிக் தெரிந்தது. அவள் இறக்கையைத் துடைத்து முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்று எழுதினால் கனமாக இருக்கும். பேசினாள். பெயின்ட் பீய்ச்சும் கம்ப்ரஸரின் பிளக் லூசாக இருக்கிறது, டேப் சுற்றி வையுங்கள் என்றாள்.

5

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்ரஸரைத் தூக்கிக்கொண்டு வந்ததுதான் இந்தக் கதையில் என் ஒரே நல்ல காரியம்.

விஷயம் பரவியிருந்தது. மற்ற மேஜைகளில் கப்பலும் டாங்கியும் ஆளில்லாமல் கிடந்தன. எல்லாரும் இவளைச் சுற்றி நின்றார்கள்.

‘அப்போது திடீரென்று கரண்ட் போனது—’

போகவில்லை.

‘அவள் கை நடுங்கி, ஒரு சொட்டு—’

நடுங்கவில்லை. கதைக்கு ஒரு நெருக்கடி வேண்டும் என்று கெஞ்சிப் பார்த்தேன். அன்றைக்கு உங்கள் கைதான் நடுங்கியது, அதை வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். உண்மைதான். இவள் தோற்றால் அந்த அட்டையில் என் பெயர் நிரந்தரமாகிவிடும். அந்தப் பெயரோடு நான் எப்படி வீட்டுக்குப் போவேன்?

முதலில் மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொன்னாள். டியூப்லைட்டில் சாம்பல் நிறம் பொய் சொல்லுமாம். பாட்டில் மூடியில் சாம்பல் கலந்தாள். துண்டு பிளாஸ்டிக்கில் அடித்து, முடி உலர்த்தும் மெஷினால் காயவைத்து, வலது இறக்கைமேல் வைத்துப் பார்த்தாள். தலையாட்டினாள். மறுபடி கலந்தாள். எனக்கு இரண்டாவதே போதும் என்று தோன்றியது. அவள் மூன்றாவது கலந்தாள். அதை இறக்கைமேல் வைத்ததும், துண்டு எங்கே முடிகிறது, இறக்கை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கூட்டத்தில் யாரோ “அடேங்கப்பா” என்றார்.

அப்புறம் எல்லாம் அவள் வேகத்துக்கு நடந்தது. வெள்ளி நிற அடிப்பூச்சு, சாம்பல், தகடு சேரும் இடங்களில் மெல்லிய கறுப்பு, எண்ணெய்க் கோடு. கடைசியாகப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரில் நகமளவு கிள்ளி எடுத்து, இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் தேய்த்தாள். பெயின்ட் போய் வெள்ளித் தகடு தெரிவதுபோல் ஆனது. ஒரு மணிக்குத் தூரிகையைக் கீழே வைத்தாள்.

6

பார்த்திபன் பூதக்கண்ணாடியோடு வந்தார். வலதைப் பார்த்தார், இடதைப் பார்த்தார், மறுபடி வலதைப் பார்த்தார். நிறம் அப்படியே சேருகிறது என்றார். கூட்டம் கைதட்டப் போனது. அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“ஆனா மேடம், இடது பக்கம் ஓவரா தேச்சிட்டீங்க. வலதுல இவ்ளோ இல்லியே.”

எனக்கும் அது தெரிந்தது. இடது பக்கம் நிஜமாகவே அதிகம் தேய்ந்திருந்தது. போச்சுடா என்று நினைத்தேன்.

கல்பனா, நேற்றுக் காலையில் அவர் எடுத்த படத்தைப் பார்க்கச் சொன்னாள். அவர் போனை எடுத்துப் பெரிதாக்கினார். நேற்றைய இடது இறக்கையிலும் அதே இடத்தில், அதே அளவுக்குத் தேய்ப்பு. வலதில் லேசாகத்தான். போனையும் இறக்கையையும் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஏணிய இடது பக்கந்தான் சார் சாத்துவாங்க” என்றாள் அவள். “ஏர்றவன், எறங்கறவன், தொடைக்கிறவன் அல்லாரும் அந்தப் பக்கந்தான். பஸ்ல ஏர்ற படி மட்டும் தேயுதுல்ல, அந்த மாரி. ரெண்டு பக்கமும் ஒண்ணா தேச்சா அதுதான் தப்பு.”

பார்த்திபன் என்னிடம் திரும்பினார். பழக்கதோஷம், பாவம். இது உங்களுக்குத் தெரியுமா சார் என்று கேட்டார்.

“தெரியாது சார்” என்றேன். மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். “நான் துருன்னு சொன்ன ஆளு.”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவர் நோட்டைத் திறந்து காட்டினார். நேற்று என் பேச்சைக் கேட்டு ‘துரு?’ என்று எழுதி மார்க்கைக் குறைத்திருந்தார். அதை அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். அப்புறம் புது அட்டை ஒன்றை எடுத்து, திருமதி போட்டு எழுதட்டுமா என்று கேட்டார். வெறும் கல்பனா போதும் என்றாள். பெரிய அளவு மாதிரிகளில் முதல் பரிசும் அந்தப் பெயருக்கே போனது. கோப்பையை வாங்கி மேஜைமேல் வைத்தவள், அட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

படம் எடுக்க ஆள் வந்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“கொஞ்சம் தள்ளிக்கோங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. டேங்க் முன்னால் யாராவது வெளிச்சத்தை மறைத்தால் சொல்வாளே, அப்படிச் சொன்னாள்.

நகர்ந்தேன். போட்டோக்காரர் இன்னும், இன்னும் என்று கையைக் காட்டினார். கம்ப்ரஸர்வரைக்கும் போய் நின்று, அங்கிருந்து கைதட்டினேன். உள்ளங்கை சிவக்கும்வரை தட்டினேன். இருபது வருஷத்தில் அவளை அவ்வளவு நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

7

ஜெயித்துவிட்டால் கதை இல்லை என்று ஒரு நண்பர் சொல்கிறார். அவருக்காக மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. அன்று திரும்பும்போது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். மன்னித்துவிட்டாள்.

ஆ. அந்த ஞாயிறுக்குப் பிறகு அவள் எந்தப் பெட்டியையும் என்னிடம் கொடுத்தனுப்புவதில்லை. மன்னிக்கவில்லை.

இ. திங்கட்கிழமை ஷிப்டில் அந்தப் படத்தை யாரோ டேங்க் வரும் லைனுக்குப் பக்கத்துத் தூணில் ஒட்டியிருந்தார்கள். அவள் அதன் கீழே நின்று, மனசுக்குள்—

எது சரி என்று அவளிடமே கேட்டேன். மூன்றையும் படித்தாள். மூன்றிலும் அவள் என்ன நினைத்தாள் என்று நானே எழுதியிருப்பதாகச் சொன்னாள்.

“அத நீங்க எழுதாதீங்க” என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஆகையால் உங்களிடம் தருகிறேன். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், புதிதாக ஒன்று எழுதினாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனை: அதில் அவள் மட்டும் இருக்கட்டும். அவள் நிற்க வேண்டிய இடத்தில் நான் நாலு மணி நேரம் நின்றாயிற்று, அதுவே போதும்.