பன்னிரண்டு நொடி

அமெரிக்காவில் எந்த ஊர்க் கடை என்று யாரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். ஆனால் காய்கறிப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்ற அம்மாளைப் பார்த்ததுமே அவள் நம்மூர்க்காரி என்று ரூமானாவுக்குத் தெரிந்துவிட்டது. சேலைக்கு மேலே ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேலே மகனுடைய ஜாக்கெட், காலில் சாக்ஸோடு செருப்பு. வெண்டைக்காய்க் குவியலில் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்தாள். பட்டென்று ஒடிந்தது பைக்குள் போயிற்று. ஒடியாமல் வளைந்த முற்றல் குவியலுக்கே திரும்பிப் போயிற்று. கடல் கடந்து போயும் கை சும்மா இருக்கிறதா பார் என்று ரூமானா வாய்விட்டுச் சிரித்தாள். பன்னிரண்டு நொடிப் படத்தை ஆசை ஆசையாக இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பச்சைப் பொத்தானை அமுக்கினாள்.

புதுச்சேரி நூறடி ரோட்டில் ஒரு வங்கிக்கு மேலே, இரண்டாம் மாடியில் அந்த ஆபீஸ். அமெரிக்கக் கடைகளின் கேமராப் பதிவுகளைப் பன்னிரண்டு நொடித் துண்டுகளாக நறுக்கி இங்கே அனுப்புகிறார்கள். படத்தில் இருப்பவர் மேல் சந்தேகம் என்றால் சிவப்பு, ஒன்றுமில்லை என்றால் பச்சை. இவர்கள் அமுக்குவதைப் பார்த்துப் பார்த்து ஓர் இயந்திரம் பாடம் படிக்கிறது. படித்து முடித்த பிறகு அதுவே கடையில் உட்கார்ந்துகொண்டு, தனக்குப் பிடிக்காத ஆள் உள்ளே வந்ததும் காவலாளியைக் கூப்பிடும். அமெரிக்காக்காரன் யாரைச் சந்தேகப்பட வேண்டும் என்று முல்லா வீதியிலிருந்தும் அரியாங்குப்பத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள் கற்றுக்கொடுக்கிறார்கள். இப்படியும் ஒரு பிழைப்பு.

ஒவ்வொரு துண்டும் மூன்று பேருக்குப் போகும். இரண்டு பேர் அமுக்கியது எதுவோ அதுதான் சரி. தனியாக மாட்டிக்கொண்ட மூன்றாம் ஆளுக்கு ஒரு பெருக்கல் குறி விழும், ஐந்து புள்ளி குறையும். ரூமானாவுக்கு வரும் துண்டுகளையே பார்க்கும் மற்ற இருவரில் ஒருவன் செல்வகுமார். சேதராப்பட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம். இன்னொருத்தி கார்குழலி, வீட்டில் எட்டு மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு அரியாங்குப்பத்திலிருந்து வருகிறவள்.

ரூமானா சேர்ந்த முதல் வாரமே செல்வகுமார் தொழில் ரகசியத்தைச் சொல்லிவிட்டான்.

"படத்துல இன்னா இருக்குதுன்னு பாக்காத ரூமானா. மத்த ரெண்டு பேரு எத்த அமுக்குவாங்கன்னு பாரு. பெருக்கலே விழாது."

அவளுக்கு அது நன்றாகவே பிடிபட்டது. நம்மைப் பற்றி அடுத்தவர் என்ன நினைப்பார் என்று யோசித்து யோசித்தே வளர்ந்தவளுக்கு அதில் என்ன கஷ்டம்? நேரு வீதித் துணிக்கடைக்குள் அவள் புர்காவோடு நுழைந்தால், விற்பனைப் பெண் ஒருத்தி தூண் தூணாக ஒளிந்து பின்னாலேயே வருவாள். அதே வீதியில் இன்னொரு கடையில் வேலை கேட்டுப் போனபோது, "கவுண்டர்ல புர்காலாம் சரிப்படாதும்மா" என்று முதலாளி இளித்துக்கொண்டே அனுப்பிவைத்தார். இந்த ஆபீஸில் அந்தத் தொல்லை இல்லை. இங்கே யாரும் அவளைப் பார்ப்பதில்லை, அவள்தான் எல்லோரையும் பார்க்கிறாள். தற்காலிக வேலை இரண்டு முறை நீட்டியாகிவிட்டது. இந்த வெள்ளிக்கிழமை நிரந்தரம் ஆக வேண்டும், ஆகாவிட்டால் வீடு. மூன்றாம் முறை நீட்டிப்பது கிடையாது.

நம்மூர் அம்மாள் போய் அரை மணி நேரம் இருக்கும். அதே கடை, அதே பெட்டி. நீளக் கோட்டு போட்ட கறுப்பினக் கிழவன் ஒருவன், முதுகு லேசாகக் கூன். குவியலுக்குள் கையை விட்டான். விரல்கள் என்னவோ செய்தன. இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. கை கோட்டுப் பைக்குள் போயிற்று. ரூமானா ஆறாவது நொடியில் சிவப்பை அமுக்கிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். மூன்று பேரும் சிவப்பு. எல்லாம் சரி.

சாயங்காலம் பெரிய மார்க்கெட்டில் வெண்டைக்காய் வாங்கினாள். காலையில் பார்த்த அம்மாளை நினைத்துச் சிரித்தபடி அவளும் நுனியை ஒடித்தாள். "ஒடிக்காத பாப்பா, நீ ஒடிச்சிப் போட்டத அப்பறம் எவன் வாங்குவான்" என்று கடைக்காரம்மா அதட்டினாள். ரூமானா சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

பார்த்தவளுக்குத் தூக்கி வாரிப்போட்டது.

கோட்டு போட்ட அந்தப் பெரியவரும் இதைத்தான் செய்தார். இதே கட்டை விரல், இதே ஒடிப்பு, இதே திருட்டு முழி. வெண்டைக்காய் என்ன நம் பாட்டன் வீட்டுச் சொத்தா? அவர்கள் வீட்டிலும் குழம்பு கொதிக்கும், முற்றல் போட்டால் அங்கேயும் யாராவது திட்டுவார்கள். அவள் சிவப்பு போட்டுவிட்டாள். இனி அந்தப் பெட்டிப் பக்கம் அவர் மாதிரி யார் கையை நீட்டினாலும் காவலாளி வந்து தோளைத் தட்டுவான்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அம்மா நபீசா வெண்டைக்காயை மொறுமொறுவென்று வறுத்து வைத்தாள். ரூமானா தட்டில் கோலம் போட்டாள். பேக்கைத் திறந்தாள், மூடினாள், துணி உலர்ந்ததா என்று மூன்று முறை மாடிக்குப் போய் வந்தாள்.

"கால்ல சக்கரம் கட்டிக்கினு திரியறியே, வேலைல எதுனா பிரச்சனையா?" என்று நபீசா கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. ஒருத்தர தப்பா நெனச்சிட்டேன்."

"அப்ப போயி மன்னிப்பு கேட்டுட்டு வா."

எந்த ஊர்க் கடை என்றே தெரியாது, எங்கே போய்க் கேட்பாள்?

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தத் துண்டைத் தேடி எடுத்து முழுக்க ஓட்டினாள். ஒன்பதாவது நொடியில் கோட்டுப் பையிலிருந்து கை வெளியே வந்தது. கையில் நாலாக மடித்த காகிதம். பெரியவர் அதை விரித்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டே கொண்டுவந்து படித்தார். வாங்க வேண்டிய சாமான்களை வீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். மூன்று நொடி பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும். நம்மூர் அம்மாளுக்கு இருபத்து நான்கு நொடி கொடுத்தவள், இவருக்குப் பன்னிரண்டுகூடக் கொடுக்கவில்லை.

டீக்கடையில் செல்வகுமாரிடம் சொன்னாள். அவன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"இத்தினி ஆயிரம் படத்துல ஒண்ணு. விடு ரூமானா."

"உங்க அப்பா வயல்ல இந்தப் பட்டத்துல இன்னா போட்டிருக்காரு?"

"வெண்டக்கா."

"வெண்டக்கா வெளயிற வூட்டுல பொறந்துட்டு, அவரு கை இன்னா பண்ணுதுன்னு உனக்குத் தெரியல இல்ல?"

செல்வகுமார் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தான். போன மாதம்தான் பெண் வீட்டுக்கு அனுப்பும் போட்டோவில் தன் முகத்தை ஸ்டுடியோக்காரனிடம் சொல்லிச் சொல்லி வெளுக்க வைத்தவன் அவன்.

"கைய எங்க பாத்தேன்? ஆளப் பாத்தேன், அமுக்கிட்டேன்" என்றான். "சினிமால எல்லாம் அப்பிடித்தான் காட்டுறான். கறுப்பு ஆளு கோட்டுக்குள்ள கைய வுட்டா துப்பாக்கிதான் வரும்." டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டே சொன்னான், "தப்பா அமுக்கிட்டோம்னு முறையீடு போட்டு அது ஜெயிச்சா நம்ம மூணு பேருக்கும் அஞ்சஞ்சி புள்ளி போவும். எனக்கும் கார்குழலி அக்காவுக்கும் பரவால்ல, நாங்க நெரந்தரம். உனக்கு வெள்ளிக்கெழம கெடக்குது."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி."

அன்று முழுக்க அவளால் ஒரு படத்தையும் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. கறுப்பர் வந்தால் பச்சைக்கு ஓடியது கை. அதுவும் பார்க்காமல் அமுக்குவதுதானே என்று திரும்பி வந்தது. வேலை முடிந்து கடற்கரைச் சாலையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். சாலை முழுக்க மனிதர்கள் நடந்துகொண்டும் சுண்டல் தின்றுகொண்டும் பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். அவள் பாட்டுக்கு சிவப்பு, பச்சை என்று மனத்துக்குள் அமுக்கிக்கொண்டே போனாள். எனக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை முறையீடு போட்டாள். காரணம் எழுதும் கட்டத்தில், 'இவர் வெண்டைக்காய் பிஞ்சா என்று பார்க்கிறார்' என்பதை ஆங்கிலத்தில் எழுதினாள். மற்ற இருவரில் ஒருவர் மனம் மாறினால் போதும். மத்தியானத்துக்குள் இரண்டு பேருமே மாறிவிட்டார்கள். பெரியவர் பச்சை ஆனார்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு மேலாளர் புருஷோத்தமன் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"தப்பு பண்ணிட்டேன்னு தானா வந்து சொன்ன மொத ஆளு நீதாம்மா. அதுக்கு சிஸ்டம் உனக்கு அஞ்சு புள்ளி கழிச்சிருக்குது, என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நெரந்தரத்துக்கு அந்த அஞ்சுதான் கொறையுது." திரையை அவள் பக்கம் திருப்பினார். "ஆனா வழி இருக்கு. முறையீட்டுக்கு ஒரு மாசம் கெடு. அந்த ஒரு மாசத்துல உனக்கு ஒரே ஒரு பெருக்கல் விழுந்திருக்குது. அதுல நான்தான் சரின்னு போடு. ரெண்டு பேருல ஒருத்தர் உன் பக்கம் மாறினா அதுல போன அஞ்சு புள்ளி திரும்பி வந்துடும். அஞ்சு மணிக்குள்ள போட்டுடு."

இடத்துக்கு வந்ததும் செல்வகுமார் நாற்காலியோடு நகர்ந்து வந்தான். "எந்தப் படமா இருந்தா இன்னா, நீ அனுப்பு. நான் மாத்தி உடறேன்."

"நானும் மாத்தறேன். அதுல இன்னா இருக்குது?" என்றாள் கார்குழலி.

ரூமானாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. புள்ளி இழப்பார்கள் என்று தெரிந்தே சொல்கிறார்கள். உயிர் வந்த மாதிரி இருந்தது. பெருக்கல் குறி போட்ட அந்த ஒற்றைத் துண்டைத் திறந்தாள்.

துணிக்கடை. உடை மாற்றும் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதில் கறுப்பு புர்காவில் ஒரு பெண் பாதி முதுகைக் காட்டினாற்போல் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். அங்கியின் முன்பக்கம் புடைத்திருந்தது, உள்ளே கை அசைந்துகொண்டிருந்தது. கீழே மூன்று பொத்தான்கள். கார்குழலி, பச்சை. செல்வகுமார், பச்சை. ரூமானா, சிவப்பு.

அவளுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு இந்தப் பெண்ணை அவள் பார்க்கவே இல்லை. புர்காவைப் பார்த்தாள், இந்த இரண்டு பேரும் என்ன அமுக்குவார்கள் என்று தனக்குத் தெரியும் என்று நினைத்தாள், அவர்களுக்கு முந்திக்கொண்டு சிவப்பை அமுக்கினாள். இரண்டு பேரும் பச்சை போட்டிருக்கிறார்கள். இவர்களோடு ஒரே டிபன் பாக்ஸில் கை விட்டுச் சாப்பிட்டுக்கொண்டே இவர்களை அப்படி நினைத்திருக்கிறாள்.

"அக்கா" என்றாள். "இத்த எதுக்குப் பச்ச போட்டீங்க?"

கார்குழலி எட்டிப் பார்த்தாள். "இதுவா? பால் குடுக்குறாங்கல்ல. கடைசில பாரு, கொழந்த கால் வெளில வரும்."

ரூமானா ஓட்டினாள். பதினோராவது நொடியில் அங்கியின் ஓரத்திலிருந்து மஞ்சள் சாக்ஸ் போட்ட குட்டிக் கால் ஒன்று நீட்டி உதைத்தது. அந்தப் பெண் குனிந்து அதை உள்ளே இழுத்து மூடிக்கொண்டாள். பக்கத்தில் ரூமானா அமுக்கிய நேரம் பதிவாகியிருந்தது. மூன்றாவது நொடி.

"சரி சரி, அது கெடக்குது" என்றாள் கார்குழலி. "நீ அனுப்பு. யாருன்னே தெரியாத பொம்பள. அவங்களுக்கு இது தெரியவா போவுது?"

செல்வகுமார் ரூமானாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணி நாலே முக்கால். முறையீட்டுப் பக்கம் திறந்தே இருந்தது. ஒரு சொடுக்கு போதும். அந்தப் பெண் சிவப்பாவாள், ரூமானா நிரந்தரமாவாள், திங்கட்கிழமையும் இதே நாற்காலியில் வந்து உட்காரலாம். நேரு வீதி முதலாளியின் இளிப்பு ஞாபகம் வந்தது. கை மௌஸைப் பிடித்தது, விட்டது, மறுபடியும் பிடித்தது.

அவள் அந்தத் துண்டை இன்னொரு முறை, முதல் நொடியிலிருந்து ஓட்டினாள். மஞ்சள் சாக்ஸ் வெளியே வந்து உள்ளே போகும்வரை பார்த்தாள். பிறகு முறையீட்டுப் பக்கத்தை மூடிவிட்டு, எழுந்து புருஷோத்தமன் அறைக்குப் போனாள்.

"போட்டியாம்மா?" என்றார் அவர்.

"இல்ல சார். பெருக்கல் சரியாத்தான் விழுந்திருக்குது" என்றாள் ரூமானா. "நான் அவங்கள பாக்கவே இல்ல."