யார் சேனை வைப்பது?

எங்கள் குடும்பத்தில் குழந்தை பிறந்ததும் சேனை வைப்போம். சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு, அதன் வாயில் ஒரு சொட்டு. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளுமாம். தம்பி மனைவி பானுமதிக்கு வலி கண்டதும் வீடே சொன்னது: "பொன்னுத்தாயி, நீ மட்டும் தொட்டுடாத."

காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் ஏலம் விடுகிற வாய் என்னுடையது. சேனை வைக்க, முசிறியிலிருந்து சாதுவான ஆனந்தவள்ளி சித்தி கிளம்பிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பிரசவ அறைக்குத் துணையாகப் பானுமதி என்னைத்தான் கேட்டாள். போன தடவை வேறோர் இடத்தில் தனியாகக் கிடந்து பிள்ளையைப் பறிகொடுத்தவள்.

ஸ்ரீரங்கத்து ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தவர் நஜ்முன்னிசா சிஸ்டர். பிரசவம் பார்க்கவென்றே தனியாகப் படித்தவர். பானுமதியைப் படுக்கப் போடாமல் நடக்க விட்டார். இடுப்பை எப்படி நீவுவதென்று எனக்குக் காட்டினார்.

"கத்தணும்னா கத்துங்கம்மா, இங்க யாரும் திட்ட மாட்டோம்."

பானுமதி கத்தவில்லை. "அண்ணி, இதாவது பொழைச்சிருமா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மதியம் பிள்ளை பிறந்தான். அழவில்லை. ஈரத்துணியாகத் துவண்டு கிடந்தான்.

என் புத்தி போன போக்கைப் பாருங்கள்! சித்திக்காகக் கொண்டுவந்திருந்த சர்க்கரைத் தண்ணீர் டப்பாவைத் திறந்துவிட்டேன். "ஒரு சொட்டு வச்சா அழுதுருவான் சிஸ்டர்!"

"வேணாங்கக்கா! மூச்சே வரல, புரையேறிடும். நீங்க பானுமதி கைய விடாதீங்க."

பேசிக்கொண்டே பிள்ளையைத் துடைத்தார், முதுகைத் தேய்த்தார். டாக்டரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, சின்ன மாஸ்க்கை முகத்தில் பொருத்தி மூச்சுப் பையை அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார். மார்க்கெட்டையே அதிர வைக்கிற நான், சிஸ்டர் சொன்னபடி பானுமதியின் கையை விடாமல் பிடித்திருந்தேன்.

ஒரு இருமல். பிறகு வீல் என்று ஒரு கத்தல். அடேயப்பா, என்ன குரல்! டாக்டர் வந்து பார்த்து, பயமில்லை என்றார். சிஸ்டர் அவனைத் தாயின் மார்பில் போட்டார்.

"முதல்ல தாய்ப்பால்தாங்கக்கா. டப்பாவ மூடுங்க."

சாயங்காலம் சித்தி வந்தபோதும் அவன் கத்திக்கொண்டுதான் இருந்தான்.

"அடிப்பாவி பொன்னுத்தாயி, நீ தொட்டுட்டியா? அப்படியே உன் கொணம்!"

நான் சண்டைக்குத் தயாரானேன். அதற்குள் பானுமதி பிள்ளையை அணைத்துக்கொண்டு சொன்னாள்:

"கத்தட்டுங்க. மொதப் புள்ள கத்தவே இல்லையே."