தறிக்காரன் தொண்டை

எங்கள் பக்கம் தறி ஓட்டுகிற எவனுக்கும் ஒழுங்கான குரல் கிடையாது. சோமனூரைச் சுற்றி எந்த ஷெட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், கரகரவென்றுதான் பேசுவார்கள். பஞ்சுத் தூசி, ஓயாத சத்தம், அந்தச் சத்தத்தை மிஞ்சிக் கத்துகிற கத்தல், போதாததற்குப் பீடி. அதனால் என் வீட்டுக்காரருக்குக் குரல் கட்டியபோது ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. கட்டிய பெண்டாட்டி நானே கண்டுகொள்ளவில்லை. சுக்குத் தட்டிப்போட்டுக் காய்ச்சிக் கொடுத்தேன், கற்பூரவல்லி இலையை மெல்லச் சொன்னேன், அதோடு சரி. தறிக்காரன் தொண்டை அப்படித்தான் இருக்கும் என்றார்கள் பக்கத்துத் தறிக்காரர்கள். தை போய் ஆடியும் வந்துவிட்டது, குரல் திரும்பவில்லை.

எங்கள் மகள் தரணி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் இருக்கிறாள். போனில் அப்பா பேசுவது ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்று லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். நான் தலைகீழாக நின்று சொன்னாலும் அசையாத மனுஷன், மகள் ஒரு அதட்டுப் போட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காது மூக்கு தொண்டை டாக்டர் சின்ன வயசுக்காரர். வெள்ளியங்கிரி என்று பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, விளக்கு வைத்த மெல்லிய குழாய் ஒன்றை அவர் மூக்கு வழியாக உள்ளே விட்டார். உள்ளே இருப்பதெல்லாம் எதிரே டிவியில் தெரிந்தது. மூக்குக்குள் அத்தனை இடம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பக்கத்தில் சிவப்பாக மேடுமேடாகச் சதை, நடுவில் குறுகலான சந்து. சந்தைத் தாண்டியதும் குழாய் கீழே திரும்பியது. உள்நாக்கின் பின்பக்கம் தெரிந்தது, பிறகு நாக்கின் அடி. அங்கே இலை மாதிரி ஒரு மூடி நின்றது. சோறு விழுங்கும்போது மூச்சுக் குழாய்க்குள் போய்விடாமல் அதுதான் மறைக்குமாம்.

அந்த மூடிக்குக் கீழேதான் குரல். இரண்டு வெள்ளை நாடா, அவ்வளவுதான். ஜட்டிக்குத் தைக்கிற நாடா அகலம்கூட இல்லை. இதை வைத்துக்கொண்டா இந்த மனுஷன் இத்தனை வருஷம் தெருவே கேட்கும்படி என்னைத் திட்டினார் என்று இருந்தது எனக்கு. டாக்டர் ‘ஈ’ என்று சொல்லச் சொன்னார். ஒரு நாடா நடுவுக்கு வந்தது. இன்னொன்று அசையவே இல்லை. அதன் மேல் காலிஃப்ளவர் மாதிரி என்னமோ முளைத்திருந்தது.

சதையைக் கிள்ளி டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்று வந்தது. டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார்.

“மூக்கும் வாயும் பின்னாடி ஒரே இடத்துல சேருதுங்க. அங்கிருந்து கீழ ரெண்டு வழி. பின்னாடி போறது சோத்துக்கு, முன்னாடி போறது மூச்சுக்கு. அந்த மூச்சு வழியோட வாசல்லதானுங்க குரல் இருக்குது. கட்டி வாசலையே புடிச்சிருச்சு. வாசலோட எடுத்துட்டு, மூச்சுக்குக் கழுத்துல தனியா வழி வெச்சுரலாம்.”

அதற்கப்புறம் வாய் சோற்றுக்கு மட்டும்தானாம். மூக்கு வழியாகக் காற்றுப் போகாது, வாசனையும் அவ்வளவாகத் தெரியாது. குரல் போய்விடும். ஆறியபிறகு கருவி வைத்துப் பேசப் பழக்கலாம், ஆனால் பழைய குரல் வராது. இப்போதே செய்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, தள்ளிப்போட்டால் கழுத்துக்குப் பரவி மூச்சையே அடைத்துவிடும் என்றார்.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

“ஊமையாக் கெடக்கறதுக்கு இப்படியே போய்ச் சேர்ந்துக்கறனுங்க.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். மறுநாள் தறியில் நின்றார். தரணி அழுது பார்த்தாள். ஷெட் ஓனர் லிங்கசாமி வீட்டுக்கே வந்து எடுத்துச் சொன்னார். பிடித்த பிடியை இவர் விடவில்லை. ஒவ்வொரு வாய் சோற்றையும் விழுங்கிவிட்டு நின்று நின்று மூச்சு வாங்கினார். எனக்கு அலுத்துப் போனது. ஆக்கிப்போடு, ஷெட்டுக்கு ஓடு, நூல் சுற்று, வந்து படுத்தால் அந்த இழுப்புச் சத்தம். கெஞ்சுவதற்குக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

நானும் அதே ஷெட்டில் நூல் சுற்றிக் கொடுக்கிறவள். தறி ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினால்கூடப் பாதிதான் கேட்கும். ஆகவே அவசரத்துக்குத்தான் கத்துவோம், மற்றதற்கெல்லாம் உதட்டை அசைத்தால் போதும். நூல் அறுந்ததிலிருந்து எவர் வீட்டில் வளைகாப்பு என்பது வரை எல்லாம் உதட்டிலேயே ஓடும். அந்தப் பேச்சில் மரியாதைக்கெல்லாம் இடமில்லை. வீட்டில் ‘வாங்க, போங்க’ என்கிறவள் ஷெட்டுக்குள் அவரை ‘வா, போ’ என்றுதான் பேசுவேன். எங்கள் பெரிய சண்டைகள் எல்லாம் தறிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் நின்று சத்தமில்லாமல் போட்டவைதான்.

ஒருநாள் காலையில் நூலைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு எதிரே போய் நின்றேன்.

“சாகறதுன்னா சொல்லிட்டுச் சாவு. தெனமும் உன்ற மூச்சுக்குக் காது குடுத்துட்டு என்னால படுக்க முடியாது” என்றேன்.

அவர் உதடு அசைந்தது. “சத்தமில்லாம என்ன பொழப்பு?”

“இப்ப மட்டும் சத்தத்துலயா பேசறே?”

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நூல் அறுந்து அவருடைய தறி தானாக நின்றது. சுற்றி மற்ற தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அறுந்த நூலை முடியக்கூட அவர் கை போகவில்லை.

“அதில்ல புள்ள. கழுத்தை அறுப்பாங்களாமா. பயமா இருக்குது.”

கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயில் நான் பார்த்ததில்லை. குரல் எடுத்துச் சொல்கிற ஆளும் இல்லை. அவ்வளவு நாள் பொத்தி வைத்திருந்த கோபமெல்லாம் வடிந்து, ஐயோ பாவம் இந்த மனுஷன் என்று ஆகிவிட்டது எனக்கு.

“எனக்கும்தான்” என்றேன். “ரெண்டு பேருமாச் சேர்ந்து பயந்துக்கலாம், வா.”

ஆபரேஷன் அன்றைக்குத் தரணி குரலைப் பதிவு பண்ணப் போனை நீட்டி, நாளைக்குப் பேரப்பிள்ளை என்று ஒன்று பிறந்தால் கேட்கட்டும், ஏதாவது பேசுங்கள் அப்பா என்றாள். அவர் கரகரத்த குரலில், “அதை வெய்யி கண்ணு, சார்ஜ் போயிரும்” என்றார். அழுதுகொண்டே சிரித்தாள்.

தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். வராண்டாவில் ஈ எறும்புச் சத்தம் இல்லை. கதவருகே வண்டி நின்றபோது தலையைத் திருப்பி என்னைத் தேடினார். குரல் இன்னும் அவரிடம்தான் இருந்தது. நர்ஸும் பக்கத்தில்தான் நின்றாள். அவர் வெறும் உதட்டை மட்டும் அசைத்தார்.

“போயிட்டு வந்தர்றேன். நீ போய்ச் சோறு தின்னு.”

என்னங்கம்மா சொல்கிறார் என்று நர்ஸ் கேட்டாள். எங்கள் வீட்டுச் சங்கதி என்றேன். கதவு சாத்தியதும் கேன்டீனுக்குப் போய் ஒரு தட்டுச் சோறு வாங்கி, தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்று முடித்தேன். அவர் சொன்ன ஒன்றை எதிர்த்துப் பேசாமல் நான் செய்தது அதுதான் முதல் தடவை.