விளக்கில் சொன்ன சொல்

காவல் கப்பலின் மேல்தளத்தில் விளக்குக்காரருக்கு ஒரே வேலை, சிமிட்டுவது. யுத்த காலத்தில் நடுக்கடலில் ரேடியோவைத் திறந்தால் எதிரியின் நீர்மூழ்கியை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. ஆகவே காவல் காத்துக் கூட்டிப்போகும் முப்பது சரக்குக் கப்பல்களோடும் விளக்கைத் திறந்து மூடித்தான் பேச்சு. கப்பலில் நூற்றைம்பது பேர் இருந்தும் அவரோடு பேச ஆளில்லை. அந்தக் குளிரில் மேலே யார் வருவார்?

பேச்சுத்துணை கடைசி வரிசைக் கப்பலில் இருந்தது. அங்கே விளக்கைப் பிடித்தவன் அவருடைய கூடப்பிறந்த தம்பி. விதிப்படி வெட்டிப்பேச்சு கூடாது. அண்ணன் தம்பிக்குள் விதியாவது ஒன்றாவது.

"சாப்டியா?"

"ஆச்சு. நீங்க?"

இரண்டு மைல் தள்ளி ஒரு மஞ்சள் புள்ளி. அவருக்கு அதுதான் குடும்பம்.

பதினோராம் நாள் மத்தியானம் தம்பியின் கப்பலில் எஞ்சின் நின்றுபோனது. ஒன்றுக்காக மற்றதையெல்லாம் நிறுத்த முடியாது.

"நிக்க முடியாதுன்னு சொல்லுங்க," என்றார் கேப்டன். "சரியானதும் தெக்க இருக்கற துறைமுகத்துக்குத் தனியா போகட்டும்."

விளக்குக்காரர் அப்படியே அனுப்பினார். பதில் வந்தது: "அண்ணே, திரும்பி வருவீங்கல்ல?"

வாயில் சனி என்பார்கள், இவருக்குக் கையில். "வருவோம்" என்று சிமிட்டிவிட்டார். பயந்த பிள்ளைக்கு ஓர் ஆறுதல், அவ்வளவுதானே என்று நினைத்தார். புள்ளி சிறுத்து மறைந்தது. விளக்கைத் துடைத்துக்கொண்டே அழுதார்.

இரண்டு நாள் கழித்து ரேடியோக்காரர் ஒரு காகிதத்தோடு ஓடிவந்தார். தம்பியின் கப்பல் ரேடியோவைத் திறந்திருந்தது. கேப்டன் வாய்விட்டுப் படித்தார்: "எஞ்சின் நேற்றே சரியாகிவிட்டது. திரும்பி வருவதாகச் சொன்னீர்கள் என்று அதே இடத்தில் காத்திருக்கிறோம். எப்போது வருவீர்கள்?"

கேப்டன் நிமிர்ந்தார். "வரோம்னு யாரு சொன்னது?"

"நான்தான் சார்."

கேப்டன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"கிளம்புங்கன்னு சொல்லணும்னா நாமளும் ரேடியோவைத் திறக்கணும். இங்க இன்னும் இருபத்தொம்பது கப்பல் இருக்கு." காகிதத்தை மடித்து விளக்குக்காரர் கையிலேயே கொடுத்தார்.

அவர் மேலே ஏறினார். பின்பக்கம் வெறும் தண்ணீர். எட்டாது என்று தெரிந்தே விளக்கை அந்தப் பக்கம் திருப்பினார். "போயிடுடா, நாங்க வரல" என்று சிமிட்டினார். கை ஓயும்வரை அதையே சிமிட்டிக்கொண்டிருந்தார்.